ஐ.சி.யூ செவிலியரிடம் வலி மதிப்பீடு பற்றி ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு: கோப்பு, செலவு, கால அளவு

எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில் ஆய்வுத் தலைப்பு தேடும்போது, 'தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரின் வலி மதிப்பீடு குறித்த அறிவும் மனப்பான்மையும்' என்ற தலைப்பு பலர் கையில் வந்து நிற்கும். பார்க்க எளிதாக இருக்கும். ஒரு வினாத்தாள், நூறு செவிலியர், சில அட்டவணைகள், முடிந்தது என்று தோன்றும். இறங்கிய பிறகுதான், பாதிக் காலம் கையெழுத்துக்கு அலைவதிலேயே போவது தெரியும். நானும் அப்படி அலைந்தவள்தான். எதை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. அடுத்து வருகிறவர்களுக்காவது அந்த அலைச்சல் குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரிகளில் படிப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். தன் மருத்துவமனையிலேயே தர மேம்பாட்டுக்காக இதைச் செய்ய நினைக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இது செவிலியருக்கு வைக்கும் பரீட்சை அல்ல. தொண்டையில் குழாயோடு படுத்திருப்பவரால் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடித்துச் சார்ட்டில் எழுத வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் செவிலியர். அவருக்கு என்ன தெரியும், எதை நம்புகிறார், தெரிந்ததைச் செய்ய விடாமல் எது தடுக்கிறது? இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஆய்வு உருப்படும்.

1. தலைப்பை எழுதிக் கொடுக்கும் முன் ஐ.சி.யூவில் நின்று பாருங்கள்

கிளினிக்கல் போஸ்டிங் நேரத்திலேயே இதைச் செய்துவிடலாம். தனி அனுமதி எதுவும் தேவைப்படாது, இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு நின்றால் போதும். நோயாளியைப் புரட்டிப் போடும் நேரத்தையும் சக்‌ஷன் செய்யும் (குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கும்) நேரத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளி. லேசான மயக்கத்தில் சும்மா படுத்திருக்கும்போது முகம் தளர்ந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. சக்‌ஷன் குழாய் உள்ளே போகிறது. புருவம் நெரிந்து கண் இறுக மூடுகிறது, பல் குழாயைக் கடிக்கிறது, வலது கை எழுந்து குழாயைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறது. அந்தக் கையை மெல்ல மடக்கினால் விறைத்து எதிர்க்கிறது. இருமல் வருகிறது, அலாரம் அடித்துத் தானே நிற்கிறது. பேச முடியாதவரின் நடத்தையைப் பார்த்து வலியைக் கணிக்கும் சிபிஓடி (CPOT) அளவுகோலில் போட்டால் முகத்துக்கு 2, உடல் அசைவுக்கு 2, தசை இறுக்கத்துக்கு 1, வென்டிலேட்டரோடு ஒத்துப்போவதற்கு 1. மொத்தம் 8க்கு 6. இப்போது சார்ட்டைப் பாருங்கள். வலிக்கான கட்டம் காலியாக இருக்கலாம், '0' என்று இருக்கலாம், அப்படி ஒரு கட்டமே இல்லாமலும் இருக்கலாம்.

உங்கள் ஆய்வுக் கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அளவுகோல் தெரியாததால் எழுதவில்லையா? மயக்க மருந்து ஓடுகிறது, அதனால் வலி இருக்காது என்று நினைத்தாரா? எழுதினாலும் மருந்தளவை யாரும் மாற்றப்போவதில்லை என்று விட்டுவிட்டாரா? முதலாவது அறிவு, இரண்டாவது மனப்பான்மை, மூன்றாவது வேலைச் சூழல். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. வினாத்தாளை வைத்து முதலிரண்டை ஓரளவு பிடிக்கலாம். மூன்றாவதைப் பிடிக்கச் சார்ட்டைப் பார்த்தாக வேண்டும். ஆகவே தலைப்பிலேயே சார்ட் ஆய்வையும் சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்க்க நினைத்தால், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு (ethics committee) மறுபடியும் போக வேண்டிவரும்.

2. பாடத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கேள்வி கேட்கப்போகிறவருக்கு விடை சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். கைடு கேட்பார், நிபுணர் கேட்பார், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் கேட்பார்.

நோயாளி தானே சொல்வதுதான் முதல் சான்று. குழாய் போட்டிருந்தாலும் விழிப்போடு இருப்பவர் தலையசைப்பார், விரலால் காட்டுவார். 0 முதல் 10 வரை பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையை முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணாடி போடுகிறவராக இருந்தால் அதையும் மாட்டிவிட்டுக் கேட்டால், பலர் எண்ணைத் தொட்டுக் காட்டிவிடுவார்கள். 'வென்டிலேட்டர் என்றால் நேராக நடத்தை அளவுகோல்' என்று தாவுவது பரவலான பிழை. உங்கள் வினாத்தாளில் இதற்கென்று ஒரு கேள்வியாவது இருக்கட்டும்.

சொல்லவே முடியாதவருக்கு இரண்டு அளவுகோல்களுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஒன்று பிரான்சில் பாயேன் குழுவினர் 2001இல் வெளியிட்ட பிபிஎஸ் (BPS). முகபாவம், கைகளின் அசைவு, வென்டிலேட்டரோடு ஒத்துப்போதல் என்ற மூன்றுக்கும் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 3 முதல் 12. இன்னொன்று கனடாவில் செலின் ஜெலினா குழுவினர் 2006இல் வெளியிட்ட சிபிஓடி. நான்கு அம்சங்கள், தலா 0 முதல் 2, மொத்தம் 0 முதல் 8. குழாய் எடுக்கப்பட்டவருக்கு வென்டிலேட்டருக்குப் பதிலாகக் குரலைப் பார்க்க வேண்டும். பிபிஎஸ் 6 அல்லது அதற்கு மேல், சிபிஓடி 3 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய வலி இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். பிபிஎஸ்ஸின் மிகக் குறைந்த மதிப்பெண் 3, பூஜ்யம் அல்ல. சார்ட்டில் 'பிபிஎஸ் 0' என்று இருந்தால் அளவுகோலைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். சார்ட் ஆய்வில் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் மிகவும் உதவும்.

இவை செல்லாத இடங்களும் உண்டு. வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்ற தசை தளர்த்தி ஓடும்போது முகமும் அசையாது, கையும் அசையாது. நோயாளிக்கு வலித்துக்கொண்டே இருக்கலாம், மதிப்பெண் மட்டும் குறைவாகக் காட்டும். கை கால் செயலிழந்தவர், எதற்கும் அசையாத ஆழ்மயக்கத்தில் இருப்பவர் விஷயத்திலும் எண்ணை நம்பக்கூடாது. அப்படிப்பட்டவருக்கு, வலி தரும் செயல் என்று தெரிந்தால் வலி இருப்பதாகவே கொண்டு முன்கூட்டியே மருந்து கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறினால் வலியா என்று பார்க்கத் தொடங்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. பேச முடியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதை, சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையோடு சேர்ந்த குறிப்பில் காணலாம். இந்த இரண்டையும் அச்செடுத்துக் கோப்பின் முதல் பக்கங்களில் வையுங்கள். முன்னுரையில் சுற்றி வளைத்து எழுதுவதைவிட இது போதும்.

3. வினாத்தாள்: எடுப்பதா, எழுதுவதா?

பெரும்பாலானோர் எடுப்பது, பெட்டி ஃபெரெல், மார்கோ மெக்காஃபரி இருவரும் 1987இல் உருவாக்கிப் பின்னர் பலமுறை திருத்திய வலி அறிவு-மனப்பான்மை வினாத்தாள். 2014 வடிவத்தில் 41 கேள்விகள். சரி-தவறு 22, தேர்வு விடை 15, மீதி 4 இரண்டு நோயாளிக் கதைகளிலிருந்து. பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டியதில்லை. யார் உருவாக்கியது என்று குறிப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பின்னிணைப்பில் வையுங்கள், நெறிமுறைக் குழு கட்டாயம் கேட்கும்.

அதில் உள்ள நோயாளிக் கதைகள் அருமையானவை. வயிற்றில் அறுவை முடிந்த மறுநாள், ஒரே வயதுடைய இரண்டு இளைஞர்கள். இருவரின் ரத்த அழுத்தம், நாடி, சுவாசம் எல்லாம் ஒன்றே. இருவரும் வலி 8 என்கிறார்கள். ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் முகம் சுளித்துப் படுத்திருக்கிறார். சார்ட்டில் எந்த எண்ணை எழுதுவீர்கள் என்பது கேள்வி. இருவருக்கும் 8 என்பதே சரியான விடை. சிரிப்பவருக்குக் குறைத்து எழுதும் செவிலியரைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இங்கே அறிவு எங்கே முடிகிறது, மனப்பான்மை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் கேள்விகளை 'அறிவு' என்றும் 'மனப்பான்மை' என்றும் இரண்டாகப் பிரித்து மதிப்பெண் போட வேண்டாம் என்று உருவாக்கியவர்களே அறிவுறுத்துகிறார்கள். நம் ஊரில் தலைப்பில் இரண்டு சொல்லும் இருப்பதால் இரண்டு அட்டவணை கேட்பார்கள். ஃபெரெலின் குறிப்பைக் காட்டி, மொத்த மதிப்பெண்ணும் கேள்வி வாரியான சதவீதமும் தருகிறேன் என்று புரொட்டோகாலிலேயே (ஆய்வுத் திட்ட அறிக்கையிலேயே) எழுதிவிடுங்கள்.

இந்த வினாத்தாளில் இரண்டு குறைகள். ஒன்று, இது பொதுவான வலியைப் பற்றியது. வென்டிலேட்டர் நோயாளியைப் பற்றி, சிபிஓடி பற்றி இதில் எதுவும் வராது. இரண்டு, அமெரிக்காவில் அறியப்பட்ட விக்கோடின் என்ற வலி மாத்திரையை மார்ஃபினோடு ஒப்பிடச் சொல்வது போன்ற கேள்விகள் உண்டு. நம் வார்டில் யாரும் கையில் எடுக்காத மாத்திரை அது. அதற்குத் தவறான விடை எழுதினால் செவிலியருக்கு அறிவு குறைவு என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் கேள்வியை நீக்கினால் உங்கள் சதவீதத்தை மற்ற ஆய்வுகளோடு நேரடியாக ஒப்பிட முடியாது. நான் சொல்வேன்: 41ஐயும் தொடாமல் வையுங்கள், பொருந்தாத மருந்துக் கேள்விகளைப் பகுப்பாய்வில் தனியாகக் காட்டுங்கள், அதன்பின் ஐ.சி.யூவுக்கென்று 12 முதல் 15 கேள்விகளைத் தனிப் பகுதியாக நீங்களே எழுதிச் சேருங்கள்.

அப்படி எழுதும்போது கவனம். 'வலி மதிப்பீடு முக்கியம் என்று கருதுகிறீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. 'தசை தளர்த்தி ஓடும் நோயாளிக்கு சிபிஓடி 0 வந்திருக்கிறது. புண்ணுக்குக் கட்டு மாற்றப்போகிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?' என்று சூழலைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு 'இல்லை' வேண்டாம், நைட் டூட்டி முடித்தவர் அதில் தடுமாறுவார். சிபிஓடி படிவத்தை அப்படியே பின்னிணைப்பில் சேர்ப்பதாக இருந்தால், உருவாக்கியவருக்கு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி வாங்குங்கள். பதில் வரச் சில வாரம் ஆகலாம், முதல் நாளே அனுப்பிவிடுவது நல்லது.

நீங்களே எழுதிய பகுதியை நிபுணர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஆறு பேராவது இருக்கட்டும். ஐந்து அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் எல்லோரும் ஒப்ப வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் 0.78 (அதாவது 78 சதவீதம்) ஒப்புதல் போதும் என்பதே வழக்கம். ஆறு பேரும் நர்சிங் பேராசிரியராக இருந்தால் பயனில்லை. ஒரு மயக்கவியல் மருத்துவர், ஒரு ஐ.சி.யூ மருத்துவர், பல வருடம் ஐ.சி.யூவிலேயே இருக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கட்டாயம் வேண்டும். அந்த ஸ்டாஃப் நர்ஸ் சொல்லும் திருத்தம்தான் மிகவும் உதவும். மூன்று வார அவகாசம் கொடுங்கள். ஆய்வின் ஒரு பக்கச் சுருக்கம், வினாத்தாள், விடைத்தாள், கருத்துப் படிவம், கையெழுத்திட வேண்டிய சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கொடுங்கள். சான்றிதழுக்காக மறுபடி போய் நிற்கும் வேலை மிச்சம்.

4. எத்தனை பேர் வேண்டும்?

பாதிப் பேருக்குச் சரியான அறிவு இருக்கும் என்று வைத்து, 5 சதவீதப் பிழை எல்லையில் கணக்குப் போட்டால் 384 வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் மருத்துவமனையில் ஐ.சி.யூ செவிலியர் மொத்தமே 120 பேர் என்றால், மொத்தப் பேர் குறைவாக இருப்பதற்கான திருத்தம் போட்ட பிறகு 92 போதும். 80 பேர் என்றால் 67. அதாவது 384ஐ, '1 + 383 வகுத்தல் மொத்தப் பேர்' என்ற எண்ணால் வகுக்க வேண்டும். நிரப்பாமல் விடுபவர்களுக்காகப் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவு சிறிய மருத்துவமனை என்றால், தேர்ந்தெடுக்காமல் எல்லோரையும் அழைப்பதே மேல்.

புள்ளியியலாளரை இந்த நேரத்திலேயே பாருங்கள். தரவு எல்லாம் சேர்ந்த பிறகு போய் நின்றால், 'இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாதும்மா' என்ற பதில்தான் வரும்.

5. நெறிமுறைக் குழு

மிகப் பெரிய தாமதம் இங்கேதான். குழு தினமும் கூடுவதில்லை. சில இடங்களில் மாதம் ஒருமுறை, சில இடங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கூட்டத்துக்குப் பல நாள் முன்பே கோப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே முதல் வேலையாக உறுப்பினர் செயலரின் அலுவலகத்துக்குப் போய் அடுத்த இரண்டு கூட்டங்களின் தேதி, கடைசி நாள், பிரதிகளின் எண்ணிக்கை, கட்டணம் நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வினாத்தாள் வேலையை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

'வினாத்தாள் ஆய்வுதானே, அனுமதி எதற்கு' என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 நெறிமுறைப்படி, ஓர் ஆய்வுக்கு விலக்கு உண்டா, விரைவுப் பரிசீலனை போதுமா, முழுக் குழு பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை குழுவுக்குத்தான், ஆய்வாளருக்கு இல்லை. அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முன்னால் வாங்கிய ஒரு தாளைக்கூடப் பயன்படுத்த முடியாது.

கோப்பில் இருக்க வேண்டியவை:

- குழுவின் விண்ணப்பப் படிவம், கைடு, துறைத் தலைவர், முதல்வர் கையெழுத்துகளோடு
- புரொட்டோகால், பத்துப் பக்கத்துக்குள்
- வினாத்தாள், விடைத்தாள், சார்ட் ஆய்வுப் படிவம்
- தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், தமிழிலும் ஆங்கிலத்திலும்
- ஆய்வு நடக்கும் மருத்துவமனையின் அனுமதிக் கடிதம்
- கருவியைப் பயன்படுத்த வாங்கிய அனுமதி, நிபுணர் சான்றிதழ்கள்
- உங்கள், கைடின் சுருக்கத் தன்விவரம்
- செலவுத் திட்டம், பணம் எங்கிருந்து வருகிறது என்ற குறிப்பு

கோப்பு திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஆய்வைப் பற்றியவையாக இருப்பதில்லை. விண்ணப்பத்தில் ஒரு தலைப்பு, ஒப்புதல் படிவத்தில் கொஞ்சம் மாறிய தலைப்பு. தமிழ்ப் படிவத்தில் குழுவின் தொடர்பு எண் விட்டுப்போனது. பக்கத்தின் கீழே பதிப்பு எண்ணும் தேதியும் இல்லாதது. கொடுக்கும் முன் தோழி ஒருத்தியிடம் கொடுத்துத் தலைப்பை மட்டும் எல்லாத் தாளிலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குழு உண்மையிலேயே யோசிப்பது இரண்டு விஷயங்களை. முதலாவது, செவிலியர் மேலதிகாரிக்குக் கட்டுப்பட்டவர்கள். 'சூப்பிரண்டென்ட் மேடம் சொன்னாங்க' என்பதற்காகக் கலந்துகொள்வது ஒப்புதல் ஆகாது. படிநிலையில் கீழே இருப்பவர்களைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுபவர்களாகவே ஐ.சி.எம்.ஆர் கருதுகிறது. ஆகவே வினாத்தாளை இன்சார்ஜ் கொடுக்கமாட்டார், நானே கொடுப்பேன், யார் கலந்துகொண்டார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாது என்று தெளிவாக எழுதுங்கள். இரண்டாவது, சார்ட் ஆய்வு. நோயாளியின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) எதுவும் படிவத்தில் ஏறக்கூடாது. நோயாளியிடம் ஒப்புதல் வாங்காமல் சார்ட்டைப் பார்க்க விலக்கு வேண்டும் என்றால், அதைத் தனியாகக் காரணத்தோடு கேட்க வேண்டும். கேட்டால்தான் தருவார்கள்.

இன்னொரு பொறி. உங்கள் கல்லூரிக் குழு அனுமதித்துவிட்டது, ஆனால் ஆய்வு வேறொரு தனியார் மருத்துவமனையில். அங்கே தனிக் குழு இருந்தால் அவர்களும் பார்க்க வேண்டும் என்பார்கள். கட்டணமும் தனி. இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். என் விஷயத்தில் கடைசி நேரத்தில்தான் ஒரு மருத்துவமனையில் இதைச் சொன்னார்கள், மொத்தத் திட்டமும் தள்ளிப்போனது.

6. மருத்துவமனைக்குள் அனுமதி

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன் வரை போகும். கண்காணிப்பாளர், நர்சிங் சூப்பிரண்டென்ட், ஐ.சி.யூ பொறுப்பு மருத்துவர் ஆகியோரின் பார்வைக்கும் வரும். தனியாரில் நர்சிங் டைரக்டரும் மருத்துவ நிர்வாகமும். எங்கே போனாலும் அவர்களுக்கு உள்ள பயம் ஒன்றுதான். 'எங்கள் செவிலியருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவிடுவீர்களோ?' அதற்கான பதில் கடிதத்திலேயே இருக்கட்டும். மருத்துவமனையின் பெயர் அறிக்கையில் வராது, தனி நபர் மதிப்பெண் யாருக்கும் தரப்படாது, முடிவில் செவிலியருக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுப்பேன். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

7. தரவு சேகரிப்பு

முதலில் முன்னோட்டம். மாதிரியில் பத்தில் ஒரு பங்கு பேரிடம், முடிந்தால் வேறொரு ஐ.சி.யூவில். அவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்கக்கூடாது. எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறது என்று பாருங்கள். சரி-தவறுக் கேள்விகளின் நம்பகத்தன்மைக்கு கே.ஆர்-20 என்ற கணக்கு, ஐந்து படிநிலைக் கேள்விகளுக்கு கிரான்பாக் ஆல்ஃபா என்ற கணக்கு. 0.7க்குக் கீழே வந்தால் கேள்விகளைத் திருத்தாமல் மேலே போக வேண்டாம்.

நேரம் பார்த்துப் போவது பெரிய விஷயம். டூட்டி மாறும் ஹேண்ட் ஓவர் நேரத்தில் போகாதீர்கள். ரவுண்ட்ஸ் நேரத்திலும் வேண்டாம். நைட் டூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்புகிறவரை நிறுத்தாதீர்கள். பகல் டூட்டியில் பிற்பகல் கொஞ்சம் அமைதியான நேரம், ஒருவர் உட்கார்ந்து எழுதும்போது இன்னொருவர் அவருடைய நோயாளியைப் பார்த்துக்கொள்ள முடிகிற நேரம்தான் சரி. 41 கேள்வியோடு உங்கள் பகுதியும் சேர்ந்தால் 40 நிமிடமாவது வேண்டும். படுக்கையில் ஒருவர் மோசமானால் எழுந்து ஓடிவிடுவார்கள், அந்தத் தாளை அன்றைக்கு முடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியது சுருக்கமாக இருக்கட்டும். "சிஸ்டர், இது எக்ஸாம் இல்லை. பேர் எழுத வேண்டாம். இஷ்டம் இல்லைன்னா அப்படியே திருப்பிக் குடுத்துடலாம், யாருக்கும் தெரியாது." அப்புறம் வாயை மூடிக்கொண்டு பக்கத்து அறையில் உட்காருங்கள். பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பி வருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். செல்போனில் பார்த்து எழுதிய விடை அறிவைக் காட்டாது. கூகுள் ஃபார்மிலும் அதே சிக்கல். ஒருவர் விடையை வாட்ஸாப் குழுவில் போட்டால் மொத்த ஆய்வும் போயிற்று. ஓர் ஐ.சி.யூவை முடிந்தவரை இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

சார்ட் ஆய்வைச் செவிலியர் யார் என்று தெரியாத விதத்தில், வேறு நாளில் செய்யுங்கள். ஒரு நோயாளிக்கு 24 மணி நேரச் சார்ட் போதும். எந்த அளவுகோல் என்று பெயர் எழுதியிருக்கிறதா, எத்தனை முறை எழுதப்பட்டது, புரட்டுவதற்கும் சக்‌ஷனுக்கும் முன்பும் நடுவிலும் பார்த்தார்களா, எண் அதிகமாக வந்தபோது ஏதாவது செய்தார்களா, ரத்தநாளம் வழி கொடுத்த மருந்துக்குப் பிறகு மறுபடி பார்த்தார்களா. இந்தக் கடைசிக் கேள்விக்கு அந்த மருத்துவமனையின் சிகிச்சை விதிமுறையில் உள்ள நேரத்தையே அளவாக வையுங்கள், பல இடங்களில் 15 முதல் 30 நிமிடம் என்று இருக்கும். இன்னொருவரையும் சில சார்ட்டுகளைத் தனியாகப் பார்க்கச் சொல்லி, இரண்டு பேர் குறித்ததும் ஒத்துப்போகிறதா என்று கப்பா மதிப்பு போடுங்கள்.

8. செலவும் காலமும்

நகல் எடுக்கும் செலவு கணக்கிட எளிது. எட்டுப் பக்கம், நூறு பேர் என்றால் 800 பக்கம். பக்கம் 2 ரூபாய் என்றால் 1,600. நெறிமுறைக் குழுவுக்கான பிரதிகளையும் மறக்க வேண்டாம். ஒரு கோப்பு அறுபது பக்கம், பத்துப் பிரதி கேட்டால் இன்னொரு 1,200. இவற்றைத் தவிர குழுவின் கட்டணம், தமிழ் மொழிபெயர்ப்பும் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்ப்பதும், புள்ளியியலாளர், கருத்துத் திருட்டுச் சோதனை, பைண்டிங், பஸ் செலவு. இவை இடத்துக்கு இடம் மாறும். கட்டணம் எதுவாக இருந்தாலும் ரசீது கேளுங்கள். மாணவர் என்று சொல்லிச் சலுகை கேட்கத் தயங்காதீர்கள், பல குழுக்கள் தரும்.

'டேட்டா நாங்களே போட்டுத் தருகிறோம், தீசிஸ் முழுக்க முடித்துத் தருகிறோம்' என்று கல்லூரி வாசலிலேயே ஆள் வருவார்கள். பக்கத்தில் போகாதீர்கள். பட்டத்துக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். பொய் எண்ணை நம்பி நாளை ஓர் ஐ.சி.யூ தன் பயிற்சியை மாற்றினால் பாதிப்பு படுக்கையில் இருப்பவருக்கு.

காலத்துக்கு என் கணக்கு: வினாத்தாளும் நிபுணர் கருத்தும் ஒன்றரை மாதம், நெறிமுறைக் குழு ஒன்று முதல் மூன்று மாதம், மருத்துவமனை அனுமதி அதோடு சேர்ந்தே ஓடட்டும், முன்னோட்டமும் சேகரிப்பும் ஒன்றரை மாதம், பகுப்பாய்வும் எழுத்தும் இரண்டு மாதம். பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்கும் நாளிலிருந்து ஒன்பது மாதம் பின்னால் போய்த் தொடங்குங்கள். பண்டிகை விடுமுறை, மருத்துவமனையில் இன்ஸ்பெக்ஷன் வரும் மாதம், தேர்வு மாதம் எல்லாம் குறுக்கே வரும்.

9. முடிவை எழுதும்போது

'போதுமான அறிவு 20%, மிதமானது 50%, போதாதது 30%' என்ற ஒரு அட்டவணையோடு நிறுத்திவிடும் ஆய்வுகள் நிறைய. எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும், அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. கேள்வி வாரியாகக் கொடுங்கள். மிகக் குறைவாகச் சரியான விடை வந்த பத்துக் கேள்விகளை ஒரு பக்கத்தில் போடுங்கள். வகுப்பு எடுப்பவருக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

அனுபவம், வயது, படிப்பு ஒவ்வொன்றோடும் கை-வர்க்கச் (chi-square) சோதனை போட்டு, எங்கோ ஒன்றில் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்ததும் அதைத் தூக்கிப் பிடிப்பது இன்னொரு பழக்கம். இருபது சோதனை போட்டால் சராசரியாக ஒன்று தற்செயலாகவே அப்படி வரும். எந்த ஒப்பீட்டைப் பார்க்கப்போகிறேன் என்று முன்பே எழுதி வையுங்கள்.

வினாத்தாளில் நல்ல மதிப்பெண், சார்ட்டில் காலிக் கட்டம் என்று வந்தால் அதுதான் உங்கள் ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. அங்கே செவிலியரைக் குறை சொல்லி எழுதாதீர்கள். ஒருவர் எத்தனை வென்டிலேட்டர் நோயாளியைப் பார்க்கிறார், சார்ட்டில் வலிக்குக் கட்டம் இருக்கிறதா, ஃபென்டனில் என்ற வலி மருந்தின் அளவை ஏற்ற எழுத்து உத்தரவு இருக்கிறதா, மார்ஃபின் அலமாரியின் சாவி யாரிடம், ரெஜிஸ்டரில் இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் கிடைக்க எவ்வளவு நேரம் என்றெல்லாம் பாருங்கள். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றுக்காக 'அத்தியாவசியப் போதை மருந்து' என்ற வகையை ஏற்படுத்தி விதிகளை எளிதாக்கினார்கள். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு அந்த அலமாரி எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்பது ஒவ்வொரு ஐ.சி.யூவின் ஏற்பாட்டைப் பொறுத்தது. இதற்கென்று வினாத்தாளின் கடைசியில் 'வலியைப் பார்க்க விடாமல் உங்களைத் தடுப்பது எது?' என்று ஒரு திறந்த கேள்வி வையுங்கள், நான்கு வரி இடம் விட்டு. அந்த நான்கு வரிகளில் எழுதுவதை அப்படியே தட்டச்சு செய்து பின்னிணைப்பில் சேருங்கள். எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும் விவரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

10. முடித்த பிறகு கொடுக்க வேண்டியவை

நெறிமுறைக் குழுவுக்கு நிறைவு அறிக்கை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அடுத்த வருட மாணவரின் கோப்பைப் பார்க்கும்போது குழு அதை நினைவில் வைத்திருக்கும். நர்சிங் சூப்பிரண்டென்ட்டுக்கு இரண்டு பக்கச் சுருக்கம். ஐ.சி.யூவுக்கு நீங்கள் ஒப்புக்கொண்ட ஒரு மணி நேர வகுப்பு, இரண்டு ஷிஃப்டுக்கும் கிடைக்கும்படி இருமுறை. வகுப்பில் ஸ்லைடு குறைவாக இருக்கட்டும். இன்சார்ஜ் அனுமதியோடு ஒரு படுக்கையருகே நின்று, நோயாளியை ஒரு நிமிடம் சும்மா பார்த்து மதிப்பெண் போட்டு, அப்புறம் வழக்கமாகப் புரட்டும் நேரத்தில் மறுபடி போட்டுக் காட்டுங்கள். லேமினேட் செய்த 0-10 அட்டை ஒன்றை ஒவ்வொரு படுக்கைக்கும் கொடுங்கள். சார்ட்டில் கட்டம் இல்லாத ஐ.சி.யூ என்றால், கட்டம் சேர்த்த மாதிரிச் சார்ட் ஒன்றை அச்சடித்துச் சூப்பிரண்டென்ட்டிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.